மிதிவண்டிப் பழுதை முன்கூட்டியே அறியலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கு வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டிகள் சில, கவனிக்காமல் விட்ட சிறு கோளாறுகளால் வீட்டோரம் முடங்கிக் கிடப்பதைக் காண்கிறேன். ஓட்டும்போதே அவற்றின் அறிகுறிகள் தெரிந்துவிடும்.

செயினையே எடுத்துக்கொள்வோம். எண்ணெய் வறண்டால் கிறீச்சிடும்; ஆனால் தேய்மானம் சத்தத்தில் தெரியாது, அளந்தால்தான் தெரியும். புதிய செயினில் 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம் இருக்கும். பள்ளி ஸ்கேலை வைத்துப் பார்க்கும்போது அது ஏறத்தாழ 1.5 மி.மீ. கூடியிருந்தால் செயினை மாற்றிவிட வேண்டும், 3 மி.மீ. வரை விட்டுவைத்தால் பல்சக்கரங்களும் தேய்ந்து செலவு பல மடங்காகும்.

பிரேக் பிடி ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு இறங்கினாலோ, பிரேக் கட்டையின் வரிப்பள்ளங்கள் மறைந்தாலோ அன்றே கவனிக்க வேண்டும். இதில் தள்ளிப்போடுதல் ஆபத்து. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றும்போது, ரிம் ஒருபுறம் பிரேக் கட்டையை நெருங்கி விலகினால் கோட்டம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் 'டக்' என்று சத்தம் வந்தால், பெரும்பாலும் பெடல் தண்டைப் பிடித்திருக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கும். (இதற்குச் செயினைக் குறைசொல்பவர்களே அதிகம்!)

பருவத்துக்கு ஒருமுறை உள்ளூர் சைக்கிள் கடைக்காரரை அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, பள்ளி வளாகத்திலேயே இச்சோதனைகளைச் செய்துகாட்ட ஏற்பாடு செய்யுமாறு பள்ளிக்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தஞ்சாவூர்