தொட்டிக்கும் பருத்திமாருக்கும் ஒரே கணக்கு ஆகாது

கொங்கு வட்டாரக் கல்லூரிகளில் கேசிஃபையர் ஆய்வு செய்யும் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும்,

வணக்கம். காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டியும் பருத்திமாரும் (பருத்தி எடுத்தபின் மிஞ்சும் செடித்தண்டு) போட்டு, அவற்றிலிருந்து எரிவாயு எடுக்கும் உலையான கேசிஃபையரை ஓட்டுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். முழுதாக எரியத் தேவையான காற்றில் ஏறக்குறையக் கால் பங்கை மட்டும் விட்டு, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவை எடுக்கும் இந்த வேலையில், காற்று கூடினால் வாயு வலுவிழக்கிறது. குறைந்தால் சூடு இறங்கி, வாயுவோடு வரும் பிசுபிசுப்பான தார் பெருகுகிறது. அந்தப் பதத்தை இயந்திரக் கற்றலால், அதாவது பழைய அளவீடுகளைக் கொண்டு கணினியைப் பழக்கி, முன்கூட்டியே கணிக்கும் உங்கள் முயற்சி எங்களுக்கு வேண்டியதுதான்.

ஆனால், கணினியைப் பழக்க, வெளிவந்த கட்டுரைகளிலிருந்து நீங்கள் திரட்டிய தரவில் பெரும்பகுதி காய்ந்த மரத்துண்டும் ஆய்வகச் சிற்றுலையும் தந்தவை. தொட்டியில் சாம்பல் நூற்றுக்கு ஒன்றை ஒட்டியே இருக்கும். பருத்திமாரில் அதைவிட அதிகம், வேர் மண்ணோடு வந்தால் கேட்கவே வேண்டாம். அந்தச் சாம்பலிலுள்ள பொட்டாசியம் உருகுநிலையைத் தாழ்த்துவதால், அது இளகிக் கட்டிபிடித்து அடிச்சல்லடையை அடைக்கிறது. ஐப்பசி மழையில் நனைந்த மாரைப் போட்டால் உலையின் சூட்டில் ஒரு பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகிறது. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் எங்களுடையதைப் போன்ற, வாயு கீழ்நோக்கி இறங்கி வெளியேறும் டவுன்டிராஃப்ட் உலை தடுமாறும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே உலையின் அளவீடுகளைக் குலுக்கிப் பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் பிரித்தால், கணினி அந்த உலையின் குணத்தை மனப்பாடம் செய்துகொண்டு தேறிவிடும். மதிப்பெண்ணும் கட்டுரையில் அழகாகத்தான் இருக்கும். பயிற்சியில் கண்ணிலேயே காட்டாத வேறோர் உலையை முழுதாக ஒதுக்கிவைத்துச் சோதித்த மதிப்பெண்ணே எங்களுக்கு உதவும். அது குறைவாக இருந்தாலும் வெளியிடுங்கள். பயிற்சித் தரவின் எல்லைக்கு வெளியே உள்ள ஈரத்தையோ சாம்பலையோ கொடுத்தால், ஏதோ ஓர் எண்ணைச் சொல்லாமல் எச்சரிக்கும் ஏற்பாடும் மென்பொருளில் வேண்டும். உலை அடைத்து நின்ற நாள்களின் அளவுகளைப் பிழைத் தரவு என்று கழித்துவிடாதீர்கள். எங்கள் நட்டம் முழுவதும் அந்த நாள்களில்தான் இருக்கிறது.

காற்று வால்வின் நிலை, உலைச் சூடு, ஈரம், பொருளின் எடை ஆகியவற்றை எங்கள் பதிவேட்டில் வேளைதோறும் குறித்துத் தருகிறோம். வாயுவின் கூறுகளை அளக்கும் அனலைசர் மட்டும் எங்களிடம் இல்லை. அதை மழைக்கு முன் ஒருமுறையும் மழைக்காலத்தில் ஒருமுறையும் கொண்டுவந்து பொருத்தினால், காய்ந்த மாருக்கும் ஈர மாருக்கும் ஒரே உலையில் அளவு கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
காங்கேயம் வட்டாரக் கேசிஃபையர் உரிமையாளர் ஒருவர்