கேன்சல் போட்டும் நிற்காத பிரிண்டர்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். உன் ஆபீஸில் எல்லா மெஷினையும் உபுண்டு லினக்ஸுக்கு மாற்றிவிட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீ கேட்ட கேள்விக்கும் உபுண்டுவுக்கும் சம்பந்தமில்லை: “கேன்சல் அடித்த பிறகும் பேப்பர் வந்துகொண்டே இருக்கிறதே, ஏன்?” கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். நீ டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடி. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

நீ பிரிண்ட் கொடுத்த ஜாப் மூன்று இடங்களில் இருக்கலாம். ஒன்று, கப்ஸின் (லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் மென்பொருள்) ஸ்பூல் ஃபோல்டர், அதாவது ஜாப்கள் காத்திருக்கும் இடம், உன் டிஸ்கில். இரண்டு, பிரிண்டருக்குப் புரிகிற வடிவத்துக்கு மாறிக் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருக்கும் பாதி வழி. மூன்று, பிரிண்டரின் சொந்த மெமரி. கேன்சல் முதல் இரண்டையும் உறுதியாக நிறுத்தும். மூன்றாவதில் ஏற்கெனவே இறங்கிவிட்ட பக்கங்கள் பிரிண்டரின் பொறுப்பு. ஐபிபி (கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பேசிக்கொள்ளும் ஒரு நெறிமுறை) முறையில் இணைத்த பிரிண்டர் என்றால் கப்ஸ் அதனிடமே “இந்த ஜாபை விடு” என்று சொல்லிவிடும். யுஎஸ்பியிலோ, நெட்வொர்க்கில் தரவை அப்படியே தள்ளிவிடும் 9100 போர்ட்டிலோ போகிற பழைய பிரிண்டரில் அப்படிச் சொல்ல வழியில்லை. உள்ளே போனது போனதுதான்.

பேப்பர் வந்துகொண்டே இருக்கும்போது எல்லோரும் செய்கிற தப்பு, கேன்சல் செய்யும் முன்பே பதறிப்போய்ப் பிரிண்டரின் சுவிட்சை அணைப்பது. ஜாப் இன்னும் ஸ்பூலில்தான் இருக்கிறது. மறுபடி ஆன் செய்ததும் ஒன்று, முதல் பக்கத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்கும். அல்லது தரவின் நடுப்பகுதி தலைப்புத் தகவல் இல்லாமல் வந்து சேரும். அப்போது பிரிண்டர் அதைச் சாதா எழுத்து என்று நினைத்து, தாளுக்கு ஒரு வரியாகக் கிறுக்கித் தள்ளும். ஒரு ரீம் போனாலும் போகும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் டிரேயை வெளியே இழு, பேப்பர் மிஞ்சும். பிறகு கம்ப்யூட்டரில் கேன்சல். பிறகு பிரிண்டரிலுள்ள கேன்சல் பட்டன். அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் சுவிட்ச்.

இனி கட்டளைக்கு வருவோம். “எல்பி மைனஸ் டி ஆபீஸ் பில்.பிடிஎஃப்” என்று அடித்தால் (டி என்பது டெஸ்டினேஷனின் முதலெழுத்து), ஆபீஸ் என்ற பிரிண்டருக்கு ஃபைல் போகும். உடனே திரையில் “ஆபீஸ்-247” மாதிரி ஒரு ஜாப் எண் வரும். அதைக் கவனித்துவை, “கேன்சல் ஆபீஸ்-247” என்று பிறகு அதைத்தான் அடிக்கப்போகிறாய். எண் மறந்துவிட்டால் “எல்பிஸ்டாட் மைனஸ் ஓ” காட்டும். எண் எதுவும் தராமல் வெறும் “கேன்சல்” அடித்தால் டீஃபால்ட் பிரிண்டரில் அந்த நொடி ஓடும் ஜாப் நிற்கும். அது உன்னுடையதுதானா என்று பார்த்துவிட்டு அடி. “கேன்சல் மைனஸ் ஏ” க்யூவையே (காத்திருக்கும் ஜாப்களின் வரிசை) காலி செய்யும். பிரிண்டர் பெயர் சேர்க்காவிட்டால் எல்லாப் பிரிண்டரின் க்யூவுக்கும் அதே கதி! அடுத்தவர் ஜாபை எடுக்க நிர்வாகி உரிமை கேட்கும்.

சம்பளப் பட்டியல், வினாத்தாள் மாதிரி விஷயத்துக்குக் கேன்சலோடு “மைனஸ் எக்ஸ்” சேர்த்துக்கொள். கப்ஸ் சாதாரணமாக ஜாபின் ஃபைலை ஒருநாள் (86400 விநாடி) வைத்திருக்கும். எக்ஸ் போட்டால் அதையும் அழித்துவிடும். ஃபைல் ஒருநாள் இருப்பதில் ஒரு லாபமும் உண்டு: முடிந்த ஜாபை மறுபடி எடுக்க “எல்பி மைனஸ் ஐ ஆபீஸ்-247 மைனஸ் எச் ரீஸ்டார்ட்” போதும். இங்கே எச் பெரிய எழுத்து.

அதே பெரிய எச்சில் நேரமும் சொல்லலாம். ராத்திரி எட்டு மணிக்கு 300 பக்க ஜாப் ஓட வேண்டுமா? 20:00 என்று போடாதே, அது யுடிசி (உலகப் பொது நேரம்) கேட்கும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்து 14:30 என்று போடு. இது தெரியாமல் விடிகாலை ஒன்றரைக்கு ஓடுகிற ஜாப்கள் ஏராளம்.

பிரதிகளுக்கு எல்பியில் “மைனஸ் என் 5”. பக்கங்களுக்குப் பெரிய பி: “மைனஸ் பி 1-4”. இந்தப் பியில் ஒரு பொறி இருக்கிறது. எல்பி சிஸ்டம் ஃபைவ் என்ற யூனிக்ஸ் வகை வழி வந்தது. அச்சிடவே இருக்கும் இன்னொரு கட்டளையான எல்பிஆர், பெர்க்லி யூனிக்ஸ் வழி. எல்பிஆரில் அதே பெரிய பி என்றால் பிரிண்டர் பெயர், பிரதிகளுக்கு ஹேஷ் குறி. இரண்டையும் மாற்றி மாற்றிப் பழகினால் பிரிண்டர் பெயர் பக்க எண்ணாகப் போகும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள், என் ஓட்டு எல்பிக்கு. இருபக்கம் அச்சடிக்க “மைனஸ் ஓ சைட்ஸ்=டூ-சைடட்-லாங்-எட்ஜ்”.

பிரிண்ட் வரவில்லையே என்று உங்கள் ஆட்கள் ஏழெட்டு முறை கொடுப்பதாகச் சொன்னாய். முதலில் “எல்பிஸ்டாட் மைனஸ் பி” (இது சின்ன பி) அடித்துப் பார். டிஸேபிள்ட் என்று இருந்தால், பேப்பர் சிக்கியோ கேபிள் கழன்றோ ஒரு தவறு நேர்ந்தபோது கப்ஸ் அந்தப் பிரிண்டரை நிறுத்திவைத்திருக்கலாம். க்யூ மட்டும் வாங்கிக்கொண்டே இருக்கும். தவறைச் சரிசெய்து, உபரி ஜாப்களைக் கேன்சல் செய்துவிட்டு, அதன் பிறகு “சூடோ கப்ஸ்எனேபிள் ஆபீஸ்” (சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்ட). தலைகீழாகச் செய்தால் எட்டும் வரிசையாக வெளியே வரும். வெறும் எனேபிள் என்று அடிக்காதே. டெர்மினலில் கட்டளைகளை வாங்கும் பாஷ் ஷெல்லுக்கு அந்தப் பெயரில் சொந்தமாக ஒரு கட்டளை இருக்கிறது, பிரிண்டருக்கு எதுவும் நடக்காது. ஒவ்வொரு தவறுக்கும் பிரிண்டர் நின்றுபோவது பிடிக்கவில்லையென்றால் பிரிண்டர் அமைப்புகளை மாற்றும் எல்பிஅட்மின் கட்டளையில் “பிரிண்டர்-எரர்-பாலிசி=ரீட்ரை-ஜாப்” என்று வைத்துவிடு.

தமிழ் ஃபைல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெறும் டெக்ஸ்ட் ஃபைலை நேராக எல்பிக்குக் கொடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறியோ, கட்டம் கட்டமாகவோ வரலாம். லிப்ரே ஆபீஸில் திறந்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பு. பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே இருக்கும்.

வீட்டில் விண்டோஸ் என்று எழுதியிருந்தாய். அங்கே ஜாப் “டிலீட்டிங்” என்றே மாட்டிக்கொண்டால், நிர்வாகியாகக் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து “நெட் ஸ்டாப் ஸ்பூலர்”, பிறகு சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருப்பவற்றை அழி (ஃபோல்டரை அல்ல), பிறகு “நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்”.

அடுத்த கடிதத்தில் உன் பிரிண்டர் யுஎஸ்பியா நெட்வொர்க்கா என்று எழுது. “எல்பிஸ்டாட் மைனஸ் வி” தருகிற வரியை அப்படியே அனுப்பினாலும் சரி.

அன்புடன்,
ரவி