கல்லு ஏறுற ஆர்சி வண்டிக்கு முதல் செலவு டயருக்குத்தான்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல ஆர்சி ராக் க்ராலர், அதாவது பாறை மேல ஏறுற ரிமோட் வண்டி பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், ரிமோட் வண்டி விஷயம் தமிழ் பேப்பர்ல அரைப் பக்கத்துக்கு வந்ததே எனக்கு ரொம்ப சந்தோஷம் சார். ஆனா வண்டி பாறை ஏறலன்னா பெரிய மோட்டார் போடுங்கன்னும், டயர ரிம்மோட ஃபெவிக்விக் வச்சு ஒட்டிடுங்கன்னும் அதுல இருந்துச்சு. இந்த ரெண்டையும் நம்பி பசங்க காச கொட்டிடுவாங்களேன்னுதான் இத எழுதுறேன்.

க்ராலர் வேகமா ஓடுறதுக்கான வண்டியே இல்ல. நாம நடக்குற வேகத்துக்கும் கம்மியா ஊர்ந்து ஊர்ந்து ஏறணும், அதுக்கு வேணுங்கிற இழுவை கியர் குறைப்புலயே, அதாவது கியர் வேகத்த கொறச்சு பலத்த கூட்டுறதுலயே கெடச்சிடுது. வண்டி ஏறாம நிக்கிற எடத்துல குனிஞ்சு பாருங்க, சக்கரம் சுத்திக்கிட்டுதான் இருக்கும், கல்லுல பிடி இருக்காது. அங்க போய் மோட்டார பெருசாக்கினா அதே எடத்துல இன்னும் வேகமா சுத்தும், வேற ஒண்ணும் நடக்காது. அதனால கையில இருக்கிற முதல் காசு டயருக்கும் அதுக்குள்ள இருக்கிற ஃபோமுக்கும்தான் போகணும், இதுல எனக்கு சந்தேகமே கெடையாது.

சைஸ்லதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. டயர் பாக்கெட்ல 1.9, 2.2ன்னு போட்டிருக்கிறது டயரோட உயரம் இல்ல, டயர் ரிம்முல போய் உக்கார்ற எடத்தோட விட்டம், இஞ்ச் கணக்குல. 1.9ன்னா சுமார் 48 மிமீ. ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10, டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 மாதிரி 1/10 ஸ்கேல் (நெஜ வண்டில பத்துல ஒரு பங்கு அளவு) வண்டிங்களுக்கு பெரும்பாலும் 1.9தான், எஸ்சிஎக்ஸ்24, 2022ல வந்த டிஆர்எக்ஸ்-4எம் மாதிரி குட்டி வண்டிங்களுக்கு 1.0. வெளி உயரத்த தனியா பாக்கணும், ஏன்னா ஒரே 1.9 ரிம்முல 4.19 இஞ்ச் உயர டயரும் உக்காரும், 4.75 இஞ்ச் டயரும் உக்காரும். பெருச போட்டா ஆக்ஸில் 7 மிமீ மேல தூக்கிக்கும், பாறைல அது பெரிய லாபம்தான், ஆனா கியர் விகிதம் 13 சதவீதத்துக்கு மேல மாறிடுது, மோட்டார் சூடாகும், முன் சக்கரத்த திருப்புற குட்டி மோட்டாரான ஸ்டியரிங் சர்வோ முக்கும், பாடி உரசும், உயரம் கூடினதால சீக்கிரமா உருளவும் செய்யும். பினியன்ல, அதாவது மோட்டார் தண்டுல இருக்கிற சின்ன பல்சக்கரத்துல, ரெண்டு பல்லாவது கம்மி பண்ணிட்டு அப்புறம் பெரிய டயர் பக்கம் போங்க.

அடுத்தது ரப்பர். யூடியூப்ல அமெரிக்காக்காரங்க ஓட்டுற வீடியோவ பாத்துட்டு அதே டயர வாங்குறாங்க பசங்க, அது எந்தப் பாறைன்னு யாரும் பாக்குறதில்ல. யூட்டா மாநிலத்து மோவாப்ல இருக்கிறது மணற்பாறை, மேல் பரப்பு உப்புத்தாள் மாதிரி, சுமாரான டயர் கூட அதுல பிடிக்கும். எங்க கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிறது உருண்டு தெரண்ட கிரானைட் பாறைங்க, வெயில் மழைல மேல பொருக்கு விட்டு மணலா உதிரும், அந்த மணல் மேலதான் டயர் வழுக்குது. இங்க மெத்துன்னு இருக்கிற சாஃப்ட் காம்பவுண்ட் ரப்பர் வேணும், நகத்தால அழுத்தினா அமுங்கி மெதுவா திரும்பி வரணும், கூடவே டயர ஈரத்துணியால அப்பப்ப தொடைச்சிக்கணும். ஆத்துல வழவழன்னு இருக்கிற பாசி புடிச்ச கல்லுக்கு மெத்துன்னு இருந்தா மட்டும் பத்தாது, டயர் மேல துருத்திக்கிட்டு இருக்கிற பட்டனுக்கு பட்டன் நல்ல இடைவெளியும் கூர்மையான ஓரமும் இருந்தாதான் பாசிய வழிச்சிட்டு கல்ல தொடும். ஒண்ணு, சாஃப்ட் டயரோட தார் ரோட்டுல ஓட்டவே ஓட்டாதீங்க, பட்டன் பொசுக்குனு தேஞ்சிடும்.

இப்ப ஃபோமுக்கு வர்றேன், கட்டுரைல இதப் பத்தி ஒரு வரி கூட இல்ல சார், அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். இந்த டயர்ல காத்து அடைக்கிறதில்ல, டயர் அமுங்கும்போது உள்ள இருக்கிற காத்து வெளிய போகத்தான் ரிம்முலயோ டயர்லயோ ஓட்டை விட்டிருக்காங்க, டயருக்கு வடிவம் குடுக்குறதே ஃபோம்தான். அது ரொம்ப மெத்துன்னு இருந்தா சரிவுல வண்டி பக்கவாட்டா போகும்போது கீழ்ப்பக்க டயர் மடிஞ்சு வண்டி உருண்டுடும், ரொம்ப கெட்டியா இருந்தா டயர் கல்லோட வடிவத்துக்கு வளைஞ்சு குடுக்காம அதுமேல துள்ளும். உள்ள கெட்டி, வெளிய மெத்துன்னு ரெண்டு அடுக்கா வர்ற ஃபோம்தான் நான் எல்லாருக்கும் சொல்றது. பேட்டரி, பாடி எல்லாம் மாட்டி தரையில வச்சு பாருங்க, டயரோட அடி லேசா பிதுங்கி நிக்கணும். அளவுக்கு மீறின ஃபோம திணிச்சா டயர் நடுவுல உப்பிக்கிட்டு ஓரப் பட்டன் கல்லுல படவே படாது. இன்னொண்ணு, சாதாரண மெத்து ஃபோம் தண்ணிய குடிச்சிக்கும், ஆத்துல ஓட்டிட்டு வந்தா டயர பிழிஞ்சு தண்ணி வடிய விட்டு நல்லா காய வைக்கணும்.

ஃபோம மாத்தி மாத்தி பாத்தாதான் நம்ம வண்டி எடைக்கு எது சரின்னு தெரியும், பசை போட்டு ஒட்டினா அந்த வழியே அடைஞ்சு போகுது. வேகமா ஓடுற ரேஸ் வண்டிக்கு ஒட்டுறது சரிதான், அந்தச் சுழற்சில ஒட்டலன்னா டயர் கழண்டு ஓடிடும், கட்டுரை எழுதினவர் அத பாத்துட்டு இதுக்கும் சொல்லிட்டார்னு நெனைக்கிறேன். க்ராலருக்கு பீட்லாக் ரிம்னு தனியா இருக்கு, வளையத்த ஸ்க்ரூ போட்டு இறுக்கினா டயரோட விளிம்பு நடுவுல மாட்டிக்கும், எப்ப வேணா கழட்டலாம். ஒட்டினத எடுக்க அசிட்டோன்ல ஊற வைக்கணும், இல்லன்னா கொதிக்கிற தண்ணில போடணும், அசிட்டோன்ல பிளாஸ்டிக் ரிம் கெட்டுப்போகவும் வாய்ப்பு இருக்கு.

மாட்டுறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. புது டயர்ல அச்சுல இருந்து வந்த எண்ணெய்ப் படலம் இருக்கும், சோப்புத் தண்ணில கழுவி காய வச்சிடுங்க. ஃபோம் உள்ள எங்கயும் மடங்காம உக்காந்திருக்கான்னு விரல விட்டு சுத்தி தடவிப் பாத்துட்டு ரிம்ம நுழைச்சிடுங்க, விளிம்பு பள்ளத்துல முழுசா உக்காந்ததும் எல்லா ஸ்க்ரூவையும் லேசா புடிக்க விட்டு, அப்புறம் எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, ஒரு பக்கமா இறுக்கிக்கிட்டே போனா சக்கரம் கோணிக்கிட்டு ஆடும். எல்லாம் குட்டி ஸ்க்ரூ, பலத்த காட்டினா மரை போயிடும். பட்டன் அம்புக்குறி மாதிரி இருக்கிற டயர்னா நாலுக்கும் ஒரே திசை பாத்து மாட்டுங்க. எடை சேக்கணும்னா முன் சக்கரத்துக்குள்ள மட்டும் பித்தளை வளையமோ ஈயப் பட்டையோ போடுங்க, மேடு ஏறும்போது முன்பக்கம் தூக்காது.

பல வண்டிங்க கம்பெனிலயே டயர ஒட்டித்தான் வருது, அத பிச்செடுக்க வேண்டாம், தேயுற வரைக்கும் ஓட்டிட்டு அடுத்த செட்ட பீட்லாக்ல வாங்கச் சொல்லுங்க. பசை பத்தின அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க சார், லீவு நேரம், பசங்க இப்பதான் வண்டி வாங்குவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கிருஷ்ணகிரி.