பச்சைக் கிண்ணத்தை எனக்கு முன்னால் வாங்கிவிட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நீங்கள் படியிறங்கிப் போகும்போது பின்புறத்தை மட்டும்தான் பார்த்தேன். நனைந்த குடை, தோளில் துணிப்பை, கையைப் பிடித்தபடி ஒரு சிறுவன். அரையாண்டு விடுமுறைதானே என்று அவனையும் கூட்டி வந்திருப்பீர்கள். நாகர்கோவிலில் கிறிஸ்துமஸ் வாரத்தில் நடந்த அந்த ஓவிய, பீங்கான் கண்காட்சியில் ஜன்னலோர மேசையில் இருந்த பச்சைக் கிண்ணத்தை வாங்கியது நீங்கள்தான் என்று ரசீது போட்ட பெண் சொன்னாள். அந்தக் கிண்ணத்தின் மேல் எனக்கும் ஒரு கண். உண்மையைச் சொன்னால், அது என்னுடையது என்றே முடிவு செய்திருந்தேன்.

மழையில் கைப்பேசி சிக்னல் செத்துக் கிடந்தது. பணம் எடுத்து வரலாம் என்று கீழே இறங்கினேன். முதல் ஏ.டி.எம்.மில் பணம் இல்லை, இரண்டாவதில் வரிசை. சுசீந்திரம் மார்கழித் திருவிழாவுக்குப் போகும் வண்டிகள் வேறு சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. நாற்பது நிமிடம் கழித்து மூச்சிரைக்க மாடியேறினால், எதிரே நீங்கள் இறங்குகிறீர்கள். கிண்ணத்தின் விலைச்சீட்டில் சிவப்புப் பொட்டு. விற்றுவிட்டது என்று அர்த்தமாம். பொட்டு வைத்தது மங்களகரமாகத்தான் இருந்தது, எனக்குத்தான் எரிந்தது.

கண்காட்சி முடிந்த பிறகே பொருளைக் கையில் தருவார்கள் என்பதால், அடுத்த நாட்களில் இரண்டு தடவை போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தச் சாக்கில் ஓவியங்களையும் நிதானமாகப் பார்த்தேன். வள்ளுவர் சிலை மட்டும் ஏழு! நம் மாவட்டத்தில் தூரிகை பிடிக்கும் யாரும் அந்த 133 அடியைத் தாண்டாமல் வளர முடியாது போலும். ஆனால் மூலையில் மாத்தூர் தொட்டிப்பாலத்தை ஒருவர் நீர்வண்ணத்தில் வரைந்திருந்தாரே, கவனித்தீர்களா? 115 அடி உயரப் பாலத்தை எல்லோரும் முழுசாக அடக்கத்தான் பார்ப்பார்கள். இவர் கீழே பரளியாற்றங்கரையில் உட்கார்ந்து, ஒரே ஒரு தூணை அண்ணாந்து பார்த்து வரைந்திருக்கிறார். தூணில் வழிந்த பாசிக்கறை தாளின் ஈரத்திலேயே தானாகப் பரவி நின்றது. பத்மநாபபுரம் அரண்மனைச் சுவரோவியப் பாணியில் அக்ரிலிக்கில் செய்த பள்ளிகொண்ட பெருமாள் எனக்கு ஒட்டவில்லை. காவிக்கல்லின் சிவப்பு அடங்கி நிற்கும், இந்தச் சிவப்பு கத்தியது.

கிண்ணத்துக்கு வருகிறேன். மேசையில் ‘தொடாதீர்கள்’ என்று ஓர் அட்டை இருந்தது. ஓவியத்துக்குச் சரி. மண்ணில் செய்த பாத்திரத்தைத் தொடாமல் எப்படி வாங்குவது? என் ஆச்சி சுங்கான்கடையில் சட்டி வாங்கும்போது ஒவ்வொன்றையும் இடது உள்ளங்கையில் ஏந்தி, வலதுகை விரல் மொட்டியால் ஒரு தட்டுத் தட்டுவாள். ‘ணங்’ என்றால் கூடைக்குள் போகும். ‘டப்’ என்றால் உள்ளே எங்கோ கீறல், திரும்ப அடுக்குக்கே போய்விடும். பத்துச் சட்டி தட்டி இரண்டு எடுப்பாள், கடைக்காரரும் முகம் சுளிக்க மாட்டார். அதனால், ரசீதுக்காரப் பெண் மறுபக்கம் திரும்பிய நேரம் பார்த்து நானும் உங்கள் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். கோயில் மணியின் கடைசி இழை மாதிரி ஒரு சத்தம். மண்சட்டியில் அது வராது. நம் ஊர்ச் சூளையின் சூடு ஆயிரம் டிகிரிக்குள் நின்றுவிடும், மண்ணுக்குள் நுண்துளைகள் மிஞ்சும். பானைத் தண்ணீர் கசிந்து குளிர்வதும், மீன்குழம்பின் வாசம் சட்டியில் ஊறிப்போவதும் அதனால்தான். உங்கள் கிண்ணம் 1,200 டிகிரிக்கு மேல் வெந்து, கிட்டத்தட்டக் கல்லாகிவிட்ட மண்.

அந்தப் பச்சையும் பெயிண்ட் இல்லை. மேலே பூசிய கண்ணாடிப் பூச்சில் துளி இரும்பு இருக்கிறது. சூளைக்குள் காற்றைத் தாராளமாக விட்டால் அதே பூச்சு தேன் நிறத்துக்குப் போகும். காற்றை ஒடுக்கி எரித்தால்தான் இப்படிக் குளத்துப் பாசி நிறம் வரும். கடைசி நாள் வந்திருந்த, அதை வனைந்த அம்மா சொன்னார்கள். கேட்டதும் எனக்கு இன்னும் கொஞ்சம் வயிறு எரிந்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். அதைக் கண்ணாடி அலமாரியில், கன்னியாகுமரிச் சிப்பி பொம்மைகளுக்கும் பள்ளிக்கூடக் கோப்பைகளுக்கும் நடுவில் வைத்துவிடாதீர்கள். கஞ்சி ஊற்றுங்கள். ஓரத்தில் காணத் துவையல் வையுங்கள். அந்தச் சிறுவனுக்கே கொடுங்கள், உடைத்தால் உடைக்கட்டும். அடுப்பில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். நுண்துளையுள்ள மண்சட்டி தாங்குகிற தீயை இது தாங்காது, விண்டுவிடும். உட்புறத்தில் சிலந்திவலை போல மெல்லிய வெடிப்புகள் ஓடுகின்றன, பார்த்திருப்பீர்கள். சூளை ஆறும்போது பூச்சு மண்ணைவிடக் கூடுதலாகச் சுருங்கியதால் வந்தவை. நாள்பட நாள்பட உங்கள் வீட்டுக் குழம்பும் தேநீரும் அந்தக் கோடுகளில் இறங்கிக் கறுக்கும். தேய்த்துப் போக்க முயலாதீர்கள்.

இன்னொன்று. அந்த அம்மா முன்னிலையில், அவர்கள் அனுமதியோடுதான், கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். பூச்சு அடிவரை வராமல், விரற்கடை மேலேயே சொட்டாகத் திரண்டு நிற்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, வெற்று மண்ணில், ஒரு சிறு பள்ளம். பூச்சில் முக்கும்போது பிடித்த விரலின் தடமாக இருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். அதற்கும் முன்னால், மண் பச்சையாக இருந்தபோதே சக்கரத்திலிருந்து தூக்கியதில் பதிந்தது, அழிக்க மனம் வரவில்லை என்றார்கள். என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, பொருந்தவில்லை.

உங்களுடையதை வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
நாற்பது நிமிடம் தாமதமாக வந்தவன்