ரேஷன் பாமாயிலும் உன் தோப்பும்

கோடம்பாக்கம், சென்னை

அன்புள்ள நாச்சிமுத்து,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம்.

நேற்று ரேஷன் கடை வரிசையில் நின்றபோது உன் நினைவுதான். கார்டுக்கு ஒரு லிட்டர் பாமாயில், 25 ரூபாய். இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ இருந்து கப்பலேறி வந்த எண்ணெய். ஆனைமலையில் உன் களத்தில் காயும் கொப்பரைக்கு இந்தப் பாக்கெட்டில் இடமில்லையே என்று மனசு கனத்தது. எனக்கு முன்னால் நின்ற வீட்டுவேலை செய்யும் அம்மா, பாக்கெட்டை முந்தானையில் சுற்றிப் பத்திரமாக எடுத்துப் போனார். அதை வாங்காதீர்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

எல்லாம் ஆசியான் ஒப்பந்தத்தால், அதாவது தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தத்தால், வந்த வினை என்று எழுதியிருந்தாய். பாதிதான் சரி. 2009இல் கையெழுத்தாகி 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தம், கச்சா பாமாயில் இறக்குமதி வரியைப் படிப்படியாக 37.5 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்னது, அவ்வளவுதான். அதற்கும் கீழே இறக்கியது டெல்லியே. எண்ணெய் விலை ஏறினால் வரி இறங்கும். 2024 செப்டம்பரில் அடிப்படை வரியை 20 சதவீதமாக ஏற்றினார்கள். 2025 மே கடைசியில் 10 ஆக்கிவிட்டார்கள். தென்னங்கன்று நட்டால் காய்ப்புக்கு ஐந்தாறு வருஷம். எட்டு மாதத்தில் மாறும் வரியை நம்பி எவன் கன்று நடுவான்? என் ஆதங்கமெல்லாம் இதில்தான்.

அப்புறம், ஒன்றை மறைக்கக் கூடாது. மாப்பிள்ளைக்குப் பல்லாவரத்தில் தோல் கம்பெனி வேலை. 2025 ஜூலையில் பிரிட்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானபோது எங்கள் வீட்டில் மகிழ்ச்சிதான். தோல், காலணி மேல் அங்கே 16 சதவீதம் வரை இருந்த வரியை நீக்க அதில் ஒப்புக்கொண்டார்கள். ஆர்டர் கூடினால் பேத்தியின் படிப்புக்கு ஆகும். எங்களுக்கு வரும் லாபத்தில் ஒரு பங்காவது உன் கொப்பரைக்கு நல்ல ஆதார விலையாக வந்து சேர வேண்டாமா? பால் விவசாயிகள் ஒன்றுசேர்ந்து எதிர்த்ததும் ஒரு காரணமாகத்தான், 2019 நவம்பரில் ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தப் பேச்சிலிருந்து இந்தியா விலகியது. ரேஷனில் தேங்காய் எண்ணெய் கேட்கும் உங்கள் போராட்டத்தை விட்டுவிடாதே.

வெட்டுக்கூலி, உரிப்புக்கூலி, வண்டி வாடகை போக ஒரு காய்க்கு உன் கையில் என்ன நிற்கிறது? கணக்காக எழுது. தை பிறந்ததும் அங்கே வருகிறேன். செக்கு எண்ணெய் இரண்டு லிட்டர் எடுத்து வை, காசு கொடுத்துத்தான் வாங்குவேன்.

அன்புடன்,
சுந்தரம்