அரைக்கால் படிக்கு ஒரு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

சித்தேரி மலையில் எங்கள் ஊர் மாலை வகுப்புக்கு இந்தத் தையோடு இரண்டு வயது. உதவிய எல்லோரையும் நேரில் பார்த்துச் சொல்லலாம் என்றால், பாதிப் பேர் அரூரிலும் தருமபுரியிலும் இருக்கிறீர்கள். ஊர்க்காரர்கள் சிலர் மிளகு பறிக்கக் கேரளா போயிருக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி பக்கத்து வீட்டு ஆயாவுக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் ஏறவே இல்லை. வட்டம் போட்டேன், கோடு கிழித்தேன், கலர் அடித்தேன். கால் பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று கேட்டால் "எட்டுதான் பெருசு" என்றே ஒரே குரலில் பதில் வந்தது. திண்ணையில் சாமை புடைத்துக்கொண்டிருந்த ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. "கால்படி பெருசா அரைக்கால்படி பெருசான்னு தெரியாமலா ஒரு மணி நேரமா கத்திக்கிட்டிருக்க?" என்று உள்ளே போய், படி, அரைப்படி, கால்படி எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார். அரைக்கால்படி மட்டும் மூங்கிலில் தாத்தா அறுத்துக் கொடுத்தது.

அரைக்கால் என்றதும் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. அதுவரை அவர்களுக்குத் தெரிந்தது அரைக்கால் சட்டைதான். ஆயா கண்டுகொள்ளவில்லை. மூங்கிலில் இரண்டு முறை மொண்டு கொட்டினார், கால்படி தலைதட்டி நின்றது. கடைசியில் உட்கார்ந்திருந்த பையன் எழுந்து, "அக்கா, காலுல அரைதான் அரைக்கால்!" என்றான். பலகையில் 1/2 × 1/4 = 1/8 என்று எழுதினேன். பின்னப் பெருக்கலை நான் இன்னும் தொடக்கூட இல்லை, அதை அந்தச் சொல்லே செய்து வைத்திருக்கிறது.

இதைக் கேட்ட நண்பர்கள் சிலர், பாரம்பரியக் கல்வி என்று தலைப்புப் போட்டுப் பேசச் சொன்னார்கள். ஆயாவுக்கு அது கல்வியும் இல்லை, பாரம்பரியமும் இல்லை, சாமை அளப்பது. அதே சமயம், அளக்கத் தெரிந்தால் போதாதா, மலைப் பிள்ளைகளுக்குப் பள்ளி எதற்கு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். ஆயாவே கைநாட்டுதான். பேத்தி கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் அன்றைக்குப் படியைத் தூக்கிவந்தார்.

அப்புறம் எங்கள் மலை ஆட்டமான சேர்வையாட்டத்தைச் சொல்லித்தந்த தாத்தாவுக்கு. காஞ்சிபுரத்திலிருந்து வந்த எங்கள் முன்னோர், அண்ணன் தம்பி மூவர், ஆளுக்கொரு மலை ஏறிய கதையை அவர் மூன்று ராத்திரி சொன்னார். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதை அப்படியே நோட்டில் எழுதினாள். நான் சிவப்புப் பேனாவை எடுத்து "தப்புத் தமிழை"த் திருத்த ஆரம்பித்தேன். அன்று வகுப்பைப் பார்க்க வந்திருந்த ஹெச்.எம். சார், "பரீட்சைத் தாளில் திருத்திக்கலாம்மா, இது தாத்தா பேச்சு, இருக்கட்டும்" என்றார். சார், அந்தப் பேனாவைப் பிடுங்கியதற்குத் தனி நன்றி. எங்கள் பழங்குடிக்குப் பெயரே மலையாளி, மலையில் வாழ்கிறவர்கள் என்று பொருள். கல்லூரியில் அதைச் சொன்னதும் "கேரளாவில் எந்த ஊர்?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல அன்றைக்கு என்னிடம் இந்தக் கதை இல்லை. அவளிடம் இருக்கிறது.

எங்களுக்குச் சாதிச் சான்றிதழ் தாசில்தார் மட்டத்தில் முடியாது, கோட்டாட்சியர் வரை போக வேண்டும். அப்பா பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பள்ளியில் ஒரு மாதிரி என்றிருந்த பிள்ளைகளுக்கு மனு எழுதிக்கொடுத்து, கூடவே அலைந்த இ-சேவை மைய அண்ணனுக்கு நன்றி. உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம் அழுத இரண்டு பேரை மடியில் படுக்கவைத்துத் தூங்கவைத்த வார்டன் அம்மாவுக்கும், நோட்டு மூட்டைக்கு வாடகை வாங்காத ஜீப்கார அண்ணனுக்கும், சோலார் விளக்கு அனுப்பிய அரூர் நண்பர்களுக்கும் நன்றி. விளக்கில் ஒன்று மழையில் நனைந்து போய்விட்டது, அது எங்கள் கவனக்குறைவு.

ஆயா, இதை உங்களுக்குப் பேத்தி படித்துக் காட்டுவாள். உங்கள் படி செட்டு இன்னும் வகுப்பில்தான் இருக்கிறது. மருமகள் இரண்டு தடவை கேட்டுவிட்டார் என்று தெரியும். முழுப் பரீட்சை முடியும்வரை இருக்கட்டுமா? அதுவரை எங்கள் வீட்டுப் படியில் அளந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு அக்கா