மலைப்பாதையில் உதவிய பிக்கப் டிரைவர் அண்ணனுக்கு நன்றி

ஏற்காட்டில் காலமான எங்கள் பெரியப்பாவைச் சேலத்துக்குக் கொண்டுவரும்போது, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வேன் பிரேக் காந்தல் வாடை அடித்தது. மிதித்தாலும் சரியாகப் பிடிக்கவில்லை. பின்னால் காபி மூட்டையோடு வந்த நீங்கள்தான் இறங்கி வந்தீர்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போன பையனைத் தடுத்து, "சூட்டுல ஊத்துனா பிரேக் டிரம் விரிசல் விட்டுப்போயிரும் தம்பி, ஆறட்டும்" என்றீர்கள். ஆறியதும் பிக்கப்பைக் கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டு, எங்கள் வேனை நீங்களே இரண்டாவது கியரில் அடிவாரம் வரை இறக்கினீர்கள்.

"ஏறுன கியர்லயே இறங்கு" என்பார் பெரியப்பாவும். 1971 போரின்போது ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வுக்குப் பின் செவ்வாய்ப்பேட்டையில் லேத் பட்டறை. படிப்பை விட்ட பையன்களைச் சேர்த்துக்கொண்டு மைக்ரோமீட்டர் பிடித்து நுணுக்கமாக அளவெடுக்கக் கற்றுத் தருவார், ஐ.டி.ஐ. விண்ணப்பத்தையும் தானே எழுதிக் கொடுப்பார். திட்டும் விழும், கொஞ்சம் தாராளமாகவே! ஆனால் சனிக்கிழமைச் சம்பளம் தவறியதே இல்லை. அந்தப் பையன்களில் பலர் இன்று சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள். அன்று தோள் கொடுத்துத் தூக்கியதும் அவர்கள்தான்.

அழுகையில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை, காசும் வாங்க மறுத்துவிட்டீர்கள். உங்கள் ரிங் ஸ்பேனர் எங்கள் வேனிலேயே இருக்கிறது அண்ணா. பட்டறைப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டும் போங்கள்.